அலைத்தடுப்பும் அடுத்த ஊரும்

(போர்ட்டிக்சனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தோட்டத்து மக்களுக்கு முன்னால் நின்று கடலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். நமக்கு மரம் தெரியும், மழை தெரியும், தோளில் காண்டா வாளியின் கனம் தெரியும். கடல் என்றால் விடுமுறை நாளில் லாரியில் ஏறித் தெலுக் கெமாங்குக்குப் போய், குளித்து, கட்டுச்சோறு தின்றுவிட்டு வருகிற இடம். அதற்கு மேல் நமக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் நம் குடும்பக் கதைகளில் கடல் ஒரே ஒரு முறை, மிகப் பெரிதாக வந்து போயிருக்கிறது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிப்பணத்தில் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை, நம் பாட்டன் பாட்டிகள் ஆவடி முகாமிலோ நாகப்பட்டினம் முகாமிலோ காத்திருந்து, சென்னையிலோ நாகையிலோ கப்பலேறினார்கள். அந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை நெருங்காது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும்; மூட்டை முடிச்சோடு படகில் போய், ஆடிக்கொண்டே ஏற வேண்டும். சென்னையில் அந்தத் தொல்லை இல்லை. கடலுக்குள் நீட்டிக் கட்டிய கற்சுவர்களுக்கு நடுவே தண்ணீர் அடங்கிக் கிடந்தது, கப்பல் பக்கத்திலேயே நின்றது. ரஜூலா கப்பலில் வந்தவர்கள் இன்றும் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம்வரை ஓடியது. சென்னையில் ஏறியவரானால், அவர் தாய்நாட்டில் கடைசியாகக் கடந்தது ஓர் அலைத்தடுப்பைத்தான்.

அந்தச் சுவர் யாருக்கு என்ன செய்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். சுவரைக் கட்டிய நகரங்கள் பிற்பாடு அதை மாற்றலாமா, இடிக்கலாமா, வேறெதையாவது சேர்க்கலாமா என்று ஆய்வு நடத்துகின்றன. அப்படிப்பட்ட ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆய்வின் விடையைப் பொறியாளரின் கணக்கு தீர்மானிப்பதற்கு முன்பே, ஆய்வுப் பரப்பைக் காட்டும் வரைபடத்தில் போட்ட கோடு பாதி தீர்மானித்துவிடுகிறது. கோட்டுக்கு உள்ளே இருப்பவனின் நட்டம் கணக்கில் வரும். வெளியே இருப்பவனுடையது வராது.

முதலில் சென்னையை முடித்துவிடுகிறேன். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. இருநூறு ஆண்டுக்கு மேலாக மசூலாப் படகுகள்தான் அலையை உடைத்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் சரக்கையும் ஆளையும் சுமந்தன. வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் போட்ட திட்டத்துக்கு 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கரங்கள் நீண்டன. 1881 நவம்பரில் வந்த புயல் அவற்றைச் சின்னாபின்னமாக்கியது. மறுபடியும் கட்டினார்கள். கட்டிய பிறகு கிழக்கு வாயிலில் மணல் வந்து அடைத்தது. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், வாயிலை வடகிழக்குப் பக்கம் திருப்பி, புதிதாக ஒரு கரத்தையும் நீட்டினார். அலைத்தடுப்பைக் கட்டி முடித்த கையோடு மாற்றத் தொடங்கிய கதை இது. ஆக, மாற்றம் பற்றிய ஆய்வு ஒன்றும் புது நாகரிகமில்லை.

சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. குவிந்த மணலை ஒட்டி 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டார். அதுதான் மெரினா. சினிமாவில் நாமெல்லாம் பார்த்து ஏங்கிய அந்த அகலமான கடற்கரையில் பெரும்பகுதி துறைமுகம் தந்த சீதனம். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் என்ன ஆயிற்று? தெற்கே சேர்ந்த மணல் அங்கே போயிருக்க வேண்டியது. போகவில்லை. கடல் உள்ளே வந்தது, குப்பங்கள் பின்வாங்கின, கல் கொட்டினார்கள், கல் முடிந்த இடத்துக்கு வடக்கே கடல் மறுபடியும் உள்ளே வந்தது. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்களில் எத்தனை பேருக்குத் திருவொற்றியூர்க்காரன் அந்த மணலுக்கு விலை கொடுத்தது தெரியும்?

இது எப்படி நடக்கிறது என்று ஒரு நிமிடம் சொல்லிவிடுகிறேன். அலை கரைக்கு நேராக வருவதாக நமக்குத் தோன்றும். பெரும்பாலும் அது சாய்ந்துதான் வரும். சாய்ந்து ஏறும் தண்ணீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது சரிவை ஒட்டி நேராக இறங்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றை ஒட்டிய ஏறத்தாழ எட்டு மாதம் மணல் வடக்கே போகிறது. வாடை அடிக்கும் காலத்தில் தெற்கே திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர். கடற்கரை என்று நாம் பார்ப்பது அந்தப் பயணத்தின் நடுவில் சற்றே தங்கிய மணல். குறுக்கே சுவர் வைத்தால் ஒரு பக்கம் மணல் தேங்கும், மறுபக்கம் கடலுக்குப் பசி எடுக்கும். தோட்டத்தில் மேல் டிவிஷன்காரன் தன் கால்வாயைக் கல் வைத்து அடைத்துக்கொண்டால் கீழ் லயத்தில் என்ன ஆகும் என்று தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இனிப் புதுச்சேரி. இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

புதுச்சேரியின் பழைய புகைப்படங்களில் நகரத்துக்கு முன்னால் மணல் பரந்து கிடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1860களில் கடலுக்குள் ஒரு பாலம் கட்டினார்கள். 1952 புயலில் அது போயிற்று. பிறகு இந்திய அரசு வேறொரு பாலம் கட்டி, 1962இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. இந்தப் பாலங்கள் தூண்களின் மேல் நின்றவை. அடியில் தண்ணீரும் போகும், மணலும் போகும், அதனால் கரைக்குப் பெரிய கேடு வரவில்லை. 1986க்கும் 1989க்கும் இடையில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் வாயில், இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களோடு சிறு துறைமுகம் எழுந்தது. அங்கிருந்து எல்லாம் மாறியது.

கவனியுங்கள், கட்டியவர்களுக்கு மணல் கணக்கு தெரியாமலில்லை. தெற்குச் சுவரில் சேரும் மணலை எடுத்து, குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. சுவர் ஒரு தடவைச் செலவு. மணலை மாற்றிப் போடுவது ஒவ்வோர் ஆண்டும் வரும் செலவு. முதல் செலவுக்கு அடிக்கல், ரிப்பன், புகைப்படம் எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு டீசல் பில் மட்டும்தான். எது நின்றுபோயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மணல் மாற்றும் வேலை ஒழுங்காக நடக்கவே இல்லை. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே, காந்தி சிலைக்கு முன்னாலிருந்த கடற்கரை சில ஆண்டுகளில் கரைந்து போயிற்று.

நகரம் என்ன செய்யும்? தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். கடற்கரைச் சாலை நெடுகப் பாறாங்கல் கொட்டினார்கள். அலை கல்லில் மோதித் திரும்பியது, கல்லுக்கு வடக்கே குருசுக்குப்பத்தை அரித்தது. அங்கேயும் கல். அடுத்து வைத்திக்குப்பம், அடுத்து சோலை நகர். கல்வரிசை வடக்கே நீள நீள அரிப்பும் அதற்கு முன்னால் ஓடியது. கட்டுமரம் ஏற்ற மணல் வேண்டும், வலை உலர்த்த மணல் வேண்டும், கரைவலை இழுக்க மணல் வேண்டும். பாறைமேட்டில் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது. வீட்டைக் காப்பாற்றிய கல்லே தொழிலைக் கெடுத்தது.

இனி வருவதுதான் என் பேச்சின் மையம். சோலை நகரைத் தாண்டி வடக்கே போனால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது: கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். இன்னும் கொஞ்சம் போனால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு. அவை மறுபடியும் புதுச்சேரி. அதற்கும் வடக்கே மீண்டும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் எந்தக் காலத்திலோ பங்கு போட்டுக்கொண்ட கோடுகள் சில கிலோமீட்டருக்குள் இத்தனை முறை மாறுகின்றன. மணல் அந்தக் கோடுகளை எல்லாம் கேட்காமலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மணல் நின்றதும், கோடுகள் உயிர் பெற்றன. சின்ன முதலியார்சாவடியில் வீடு விழுந்தால் அது எந்த அரசாங்கத்தின் பொறுப்பு? தடுப்பு கட்டியது ஓர் அரசு. வீடிழந்தவன் ஓட்டுப் போடுவது வேறோர் அரசுக்கு. ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு என்கிற குறுக்குக் கற்சுவர் போட்டதும் வடக்கே அடுத்த குப்பத்தார் எங்களுக்கும் போடு என்று சாலை மறிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாமாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம். ஆனால் இந்த வரிசைக்கு முடிவே இல்லை. ஒவ்வொரு வளைவும் தன் தெற்குக்கு நண்பன், தன் வடக்குக்கு எதிரி.

புதுச்சேரியில் கடற்கரை போய்விட்டதை ஒரு நகரத்தின் துக்கமாக மாற்றியவர்கள் அங்கிருந்த குடிமக்கள். பாண்டிகேன் என்ற அமைப்பு ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்தது, நிபுணர்களை அழைத்து வந்தது. காட்டுயிர்ப் படங்களால் பெயர் பெற்ற சேகர் தத்தாத்ரி, காணாமல் போகும் இந்தியக் கடற்கரைகளைப் பற்றி ஒரு குறும்படமே எடுத்தார். கடைசியில் சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு வழி சொன்னது. அலைத்தடுப்பை இடிக்க வேண்டாம். தண்ணீருக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டு வைப்போம் என்றார்கள். 60 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், சுமார் 900 டன் எடையில், ஆப்பு வடிவத்தில் ஓர் எஃகுப் பெட்டி. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலில் அதை இறக்கினார்கள். அலை அதன்மேல் ஏறி முன்கூட்டியே உடைகிறது; வேகம் குறைந்த தண்ணீர் தன்னோடு கொண்டுவந்த மணலைப் பின்னால் போட்டுவிடுகிறது. துறைமுக வாயிலில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். சில மாதங்களில், முப்பது ஆண்டு மணலே காணாத சாலைக்கு முன்னால் பிள்ளைகள் மணல்வீடு கட்டினார்கள்.

பெரிய வெற்றிதான், மறுக்கவில்லை. நம் ஆட்கள் கையால் நடந்த வேலை என்பதில் எனக்கும் ஒரு பூரிப்பு உண்டு. ஆனால் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு யோசியுங்கள். தெற்கிலிருந்து வருகிற மணல் துறைமுகத்தில் இன்னும் தடைபடுகிறது. அதையும் மீறி வந்த கொஞ்சத்தை இப்போது நகரத்தின் முன்னால் பிடித்து நிறுத்துகிறோம். அப்படியானால் பிள்ளைச்சாவடிக்கு என்ன போகும்? ஆண்டுதோறும் தூர்வாரிய மணலை வடக்கே அனுப்பிக்கொண்டே இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். அனுப்பாவிட்டால், நகரத்துக்குக் கிடைத்த கடற்கரை குப்பத்திலிருந்து வாங்கிய கடன். 1962ஆம் ஆண்டுப் பாலம்கூட 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. அதற்குச் செய்தித்தாளில் முதல் பக்கம் கிடைத்தது. குப்பத்துச் சுவர் விழுந்தால் உள்பக்கம்.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு வகை வழக்கும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு கட்டினார்கள். வாயிலில் மணல் திட்டு விழுந்து, படகுகள் கவிழ்ந்து, மீனவர்கள் இறந்தார்கள். அலைத்தடுப்பின் அமைப்பை மாற்று என்று ஊரே தெருவுக்கு வந்த பிறகுதான் அதை நீட்டும் திட்டம் வந்தது. கேரளத்தின் முதலப்பொழியிலும் இதே சோகம். அங்கெல்லாம் மணல் வடக்கே போயிற்றா தெற்கே போயிற்றா என்பதைவிட அவசரமான கேள்வி, இன்று காலை போன படகு திரும்புமா என்பது. அதைப் பேசத் தனியாக ஒரு மாலை வேண்டும்.

இப்போது பசிபிக்கின் மறுகரைக்குப் போவோம். கலிபோர்னியாவில் லாங் பீச் என்று ஒரு நகரம். பெயருக்கேற்ற நீண்ட கடற்கரை. அங்கே அலைச்சறுக்கு ஆடுவோர் கூட்டம் கூட்டமாக வந்த காலம் உண்டு. 1938இல் ஒரு தேசியப் போட்டியே நடந்தது. பக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம், கடற்படை. 1899இல் தொடங்கிப் படிப்படியாக மூன்று துண்டுகளில் அலைத்தடுப்பு நீண்டது. லாங் பீச்சுக்கு நேர் முன்னால் உள்ள துண்டு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கி, 1940களின் கடைசியில் முடிந்தது. மூன்றும் சேர்ந்து 13 கிலோமீட்டருக்கு மேல். அதன் பிறகு லாங் பீச்சில் அலையே இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் ஆறு கொண்டுவரும் குப்பையும் கழிவும் அடைபட்ட தண்ணீரில் தங்கின. கடற்படைத் தளமும் 1990களில் மூடப்பட்டது. பின் எதற்கு இந்தச் சுவர், இதைத் தாழ்த்து, ஒரு பகுதியை எடு என்று அலைச்சறுக்குக்காரர்களும் சுற்றுச்சூழல்காரர்களும் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். நகராட்சி தன் காசில் முதல் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டது. 2016இல் ராணுவப் பொறியாளர் படையோடு செலவைப் பங்கிட்டு முழு ஆய்வு தொடங்கியது. 2022இல் முடிந்தது. முடிவு: சுவரில் ஒரு கல்லையும் தொட வேண்டாம். அதற்குப் பதில் சுமார் 200 ஏக்கரில் கடற்பாசிக் காடு, பாறைத் திட்டு, கடற்புல் வளர்க்கலாம்.

ஏன்? அமெரிக்கக் கடற்படை வெடிமருந்துக் கப்பல்களை நிறுத்தும் இடம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. துறைமுகக் கப்பல்கள் நங்கூரமிடும் இடம் இருக்கிறது. எண்ணெய் எடுக்கும் நான்கு செயற்கைத் தீவுகள் இருக்கின்றன. 1960களில் அவற்றைக் கட்டியபோது நகரத்தார் கண்ணுக்கு உறுத்தக் கூடாதென்று பனைமரமும் செயற்கை அருவியும் போலிக் கோபுரங்களும் வைத்து மறைத்தார்கள். விண்வெளிப் பயணத்துக்காக உயிர்விட்ட வீரர்களின் பெயரை அந்த எண்ணெய்த் தீவுகளுக்கு வைத்தார்கள்! இத்தனையும் அந்தச் சுவரின் நிழலில் வளர்ந்துவிட்டன. கரையோர வீட்டுக்காரர்களும் அலை திரும்பி வருவதை விரும்பவில்லை. இவ்வளவுக்கும், சுவர் இருந்தும், கடற்கரையின் ஒரு முனையிலிருந்து மணலை எடுத்து மறுமுனையில் கொட்டும் வேலையை நகராட்சி அடிக்கடி செய்தாக வேண்டியிருக்கிறது.

இந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது முடிவல்ல. அதன் பெயர். அது சூழல் மீட்பு ஆய்வு. அந்த வகை ஆய்வுக்கான விதிகளின்கீழ் மீனும் பாசியும் பெறும் நன்மைதான் முதல் கணக்கு. மக்கள் கடலில் குளிப்பதும் அலையில் ஆடுவதும் துணைக்கணக்கு. நகரத்தார் கேட்டது அலையை. ஆய்வுக்கு விடப்பட்ட கேள்வி பாசியைப் பற்றியது. பாதிச் செலவைக் கொடுத்துவிட்டு, தாங்கள் கேட்காத கேள்விக்கு நல்ல பதிலாகப் பெற்றுக்கொண்டார்கள். புதுச்சேரியில் நிலத்தின் மேல் கோடு. லாங் பீச்சில் கேள்வியின் மேல் கோடு. கோடு போடுகிறவர் கை இரண்டிலும் ஒன்றுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். கோலத் திரெங்கானுவில் விமான நிலைய ஓடுபாதையைக் கடலுக்குள் நீட்டினார்கள். அலைத்தடுப்பு கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை. விமானம் இறங்க இடம் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கடலுக்கு விமானமும் தெரியாது, ஓடுபாதையும் தெரியாது. கரைக்குக் குறுக்கே நீண்ட எதுவும் அதற்குச் சுவர்தான். அடுத்திருந்த தோக் ஜெம்பால் கரை அரிக்கத் தொடங்கி, கடைகளும் வீடுகளும் சாலையும் போயின. கரையைக் காக்கக் கல் போட்டார்கள். அரிப்பு கல்லுக்கு அப்பால் நகர்ந்தது. புதுச்சேரியில் பார்த்த அதே நாடகம், மலாய் நடிகர்களோடு.

மலேசியா இதை அறியாத நாடில்லை. 1980களின் நடுவில் அரசு தேசியக் கடலரிப்பு ஆய்வு ஒன்றை நடத்தியது. 4,809 கிலோமீட்டர்க் கரையில் ஏறத்தாழ 29 விழுக்காடு அரிப்புக்கு ஆளாகியிருப்பதாக அது சொன்னது. அதையொட்டி நீர்ப்பாசன வடிகால் இலாகாவில், நாம் ஜே.பி.எஸ். என்று சொல்கிற இலாகாவில், 1987இல் கடற்கரைப் பொறியியலுக்கென்று தனிப்பிரிவு அமைந்தது. மணல் கொட்டிக் கடற்கரையை மீட்கும் வேலைகளும் பல இடங்களில் நடந்திருக்கின்றன. அறிவு இருக்கிறது. அறிவைக் கோட்டுக்கு வெளியே அனுப்பும் வழக்கம்தான் குறைவு.

நெகிரி செம்பிலானில் கடலைத் தொடும் மாவட்டம் இந்தப் போர்ட்டிக்சன் ஒன்றுதான். இங்கே வங்கக் கடலின் அலை கிடையாது. எதிரே சுமத்ரா நின்று காக்கிறது. ஆனால் நம் கரையின் கோடுகளைப் பாருங்கள். வடக்கே சிப்பாங் ஆறு, அதற்கப்பால் சிலாங்கூர். தெற்கே லிங்கி ஆறு, அதற்கப்பால் மலாக்கா. நடுவில் கலங்கரை விளக்கம் நிற்கும் தஞ்சோங் துவான் குன்று நெகிரி செம்பிலானால் சூழப்பட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் மூன்று மாநிலங்கள். அதோடு, ஒவ்வொரு மேட்டுக்கும் இடையில் சிறுசிறு மணற்குடாக்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு விடுதி, ஒரு படகுத்துறை, ஒரு துண்டுக் கற்சுவர். தன் வேலிக்குள் இருக்கும் மணலை மட்டும் காக்கும் சுவர்கள். பெரிய அலையில்லாத கடலில் இதன் விளைவு ஒரே இரவில் தெரியாது. பத்து இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும். அதற்குள் விடுதியின் பெயரும் முதலாளியும் மாறியிருப்பார்கள்; யாரைக் கேட்பது?

இதில் தோட்டத்துக்கு என்ன பங்கு என்றால், பங்கு உண்டு. கடலோரத்துக்கு வரும் மண் மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் ஆற்று வழியாகத்தான் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் லிங்கி ஆற்றில் சுங்கை ஊஜோங் ஈயம் ஏற்றிய படகுகள் போயின. ஆற்றோரத் தலைவர்கள் வழியெங்கும் வரி வாங்கினார்கள். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் ரயில் வந்த பின் ஆற்றின் மவுசு குறைந்தது. ஈயச் சுரங்கங்கள் ஆற்றில் மண்ணைக் கொட்டின. பிறகு ரப்பர் வந்தது. தொடக்க காலத் துரைமார்களுக்கு மரத்தடியில் ஒரு புல் தெரியக்கூடாது. நம் பாட்டிகள் குனிந்து குனிந்து அத்தனையையும் கொத்தி எடுத்தார்கள். வெறும் தரையில் மலாயா மழை விழுந்தால் மேல்மண் எங்கே நிற்கும்? ஆற்றுக்குப் போயிற்று, கழிமுகத்துக்குப் போயிற்று. மண் போனால் மரம் போகும் என்று புரிந்த பிறகுதான் மூடுபயிர் போட்டார்கள், சரிவில் படிவெட்டினார்கள், மண்குழி வெட்டினார்கள். அந்தக் குழிகளை வெட்டியதும் நாம்தான். தோட்டத்தின் எல்லைக்கல்லோடு தன் கணக்கை முடித்துக்கொண்ட துரைக்கு, எல்லைக்கு அப்பால் ஆறு நிறைவது தெரிந்திருந்தாலும் கணக்கில் எழுத இடமில்லை.

இப்போது தோட்டங்கள் துண்டாகி, தாமான்களாகி, நம் பிள்ளைகள் சிரம்பானிலும் நீலாயிலும் இருக்கிறார்கள். சிலர் கடலோரத்திலேயே வீடு வாங்கியிருக்கிறார்கள். நாளைக்கு இந்தக் கரையில் புது அலைத்தடுப்போ, கடலை நிரப்பும் திட்டமோ வரக்கூடும். பெரிய திட்டமானால், 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி தாக்க மதிப்பீட்டு அறிக்கை போட்டாக வேண்டும். பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்தும் கேட்பார்கள். கனத்த அறிக்கை, பல நூறு பக்கம், மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். எல்லாவற்றையும் படிக்க யாராலும் முடியாது. நான் இரண்டு இடத்தை மட்டும் பார்ப்பேன்.

ஒன்று, ஆய்வுப் பரப்பைக் காட்டும் வரைபடம். திட்டத்தைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் சேர்த்திருக்கிறார்கள், மணல் போகும் திசையில் கோடு எங்கே முடிகிறது, மாநில எல்லை வந்ததும் நின்றுவிடுகிறதா, அடுத்த கம்பத்து மீனவர் படகு ஏற்றும் இடம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா. கோடு விடுதியின் வேலியோடு முடிந்தால், ஒரு பக்கத் தாளில் அதை மட்டும் எழுதிக் கருத்தாகக் கொடுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஏழாம் வகுப்பு எட்டாதவர்கூட வரைபடத்தில் தன் ஊரைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டு, பராமரிப்புச் செலவு என்ற பகுதி. கட்டி முடித்த பிறகு மணலை யார் அள்ளுவது, எங்கே கொட்டுவது, ஆண்டுக்கு எவ்வளவு ரிங்கிட், எத்தனை ஆண்டுக்கு, கம்பெனி கைமாறினால் அந்தப் பொறுப்பு யாரிடம் போகும். புதுச்சேரியில் இந்தப் பக்கம் காகிதத்தில் இருந்தது. இங்கே அது காகிதத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பணத்தை முன்கூட்டியே வைப்பாகக் கட்டச் சொல்லலாமா என்று நம் சட்டம் படித்த பிள்ளைகளைக் கேட்க விரும்புகிறேன். இரண்டு மூன்று பேர் பின்வரிசையில் இருக்கிறார்கள். கேள்வி நேரத்தை அவர்களிடமிருந்தே தொடங்குவோம்.